ஒட்டு (வெல்டிங்) வேலை பழகியவருக்குத் தொழிற்தகைமைச் சான்றிதழ்: எவை தேவை, எவை தேவையில்லை

கேள்வி இதுதான். ஒட்டுசுட்டானைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர், புதுக்குடியிருப்பில் உள்ள ஒரு வெல்டிங் வேலைத்தளத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை பழகிவருகிறார். கேற், கிறில், கூரைச் சட்டகம், உழவு இயந்திரப் பெட்டி ஆகியவற்றை முதலாளியின் துணையின்றித் தாமே செய்து முடிப்பதாகவும், சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பயிலுநர் பயிற்சியை முடித்தவர் என்ற சான்றிதழைப் பெற என்னென்ன வேண்டும், அதற்காகக் கடையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஒரு வகுப்பில் சேர வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தேன் என்பதற்காக எவரும் சான்றிதழ் தருவதுமில்லை. இலங்கையில் இன்று நடைமுறையில் உள்ள தேசிய தொழிற்தகைமை முறை, நாம் என்விகியூ என்று சொல்வது, ஒருவர் எத்தனை காலம் கடையில் நின்றார் என்பதைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. அந்தத் தொழிலுக்கென எழுதப்பட்ட நியமத்தின் ஒவ்வோர் அலகிலும் அவரால் வேலையைச் செய்து காட்ட முடிகிறதா, செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்ற இரண்டையுமே அது பார்க்கிறது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

முதலில் உங்கள் இன்றைய நிலை என்னவென்று பார்க்க வேண்டும். வேலை பழகுகிறீர்கள் என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பயிலுநர் அல்லர். நம் நாட்டில் பயிலுநர் பயிற்சிக்கென 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ் அந்தப் பொறுப்பு, எல்லோரும் நைட்டா என்று அழைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் வந்துசேர்ந்தது. அந்த ஏற்பாட்டின்படி பயிலுநர் என்பவர், தொழில் தருநரும் அதிகார சபையும் தாமும் கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் ஒன்றின் கீழ் பயிற்சி பெறுபவர். வயது குறைந்தவராக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ அவருக்காக ஒப்பமிடுவார். எந்தத் தொழில், எவ்வளவு காலம், உதவித்தொகை எவ்வளவு, எந்த வேலைகளைக் கற்பிக்க வேண்டும், இடையில் விலகினால் என்ன நடக்கும் என்பவை அதில் இருக்கும். பயிற்சிக் காலம் தொழிலுக்குத் தொழில் மாறுபடும். ஆகவே மற்றொருவர் எத்தனை மாதத்தில் முடித்தார் என்று பார்க்காமல், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

வன்னியில் பெரும்பாலான வேலைத்தளங்களில் இந்த ஒப்பந்தம் கிடையாது. மாமனின் கடையிலோ அயலவரின் கடையிலோ பொடியனைக் கொண்டுபோய் விடுவார்கள். முதல் ஆண்டு கிறைண்டர் பிடிப்பான், இரண்டாம் ஆண்டு ஒட்டும் கம்பியைப் பிடிக்கும் ஹோல்டரைத் தொடுவான், மூன்றாம் ஆண்டு கேற்றுக்கு அளவெடுப்பான். இப்படிப் பழகியவர்களில் மிகத் திறமையானவர்கள் உண்டு. மின்விநியோகம் இல்லாத காலத்தில், கிடைத்த இரும்பையும் கிடைத்த இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு தொழிலை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தாம். குறை அவர்களின் கையில் இல்லை, கடதாசியில்தான் இருக்கிறது. அந்தக் கடதாசிக் குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. இனிப் பழகத் தொடங்கும் ஒருவர் பதிவு செய்த பயிலுநராகச் சேரலாம். உங்களைப் போல ஏற்கெனவே பழகிவிட்டவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ், அதாவது ஆர்பிஎல் வழியாக, நேரே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வழியிலும் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றே. ஆர்பிஎல் வழியாக வாங்கியது தரம் குறைந்தது என்று சிலர் சொல்வதில் உண்மை இல்லை.

அடுத்தது மட்டம். 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இந்தத் தகைமைக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள் உள்ளன. 1ஆம் மட்டம் தொழிலுக்குள் நுழைபவருக்குரிய அடிப்படைத் திறன்கள். 2, 3, 4 ஆகியவை கைவினைஞருக்குரியவை: இரண்டில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும், நான்கில் இருப்பவர் தானே திட்டமிட்டுத் தானே செய்து முடிக்கக்கூடியவர், மூன்று இவற்றுக்கு இடையில். 5உம் 6உம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டம். முழுக் கட்டமைப்பையும் மேற்பார்வை செய்வது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள் முதலியவை அதன் நியமங்களின்படியே பயிற்சியையும் மதிப்பீட்டையும் நடத்துகின்றன.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 3ஆம் மட்டம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 4ஆம் மட்டத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியின் வேலைத்தளங்களில் பழகியவர்கள் தடுமாறுகின்ற இடம் இதுவே.

ஒரு கடை எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேலையில்தான் அங்கு பழகுபவரின் கை தேறும். நம் ஊர்க் கடைகளில் நடப்பது பெரும்பாலும் மெல்லிய இரும்பு வேலை: பொக்ஸ் பார், கோண இரும்பு, தட்டை இரும்பு. 6013 வகை றொட், அதாவது உருகி ஒட்டாகும் கம்பி, மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் சாதாரண வெல்டிங் பிளான்ட், தரையில் கிடத்திவைத்து மேலிருந்து ஒட்டுவது. கேற் பாரம் தாங்கினால் போதும். ஒட்டு உள்ளே எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று எவரும் வெட்டிப் பார்ப்பதில்லை. கிறைண்டரால் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் குறையும் மறைந்துவிடும். நியமமோ வேறு விதமாகக் கேட்கிறது. தடித்த தட்டு இரண்டின் விளிம்பைச் சரிவாகச் சீவி, இடைவெளி விட்டுப் பொருத்தி, முதல் ஓட்டத்தை, அதாவது ஒருமுறை இடும் ஒட்டு வரியை, அடிவரை ஊடுருவச் செய்து, ஒட்டின்மேல் படியும் கழிவுப் பொருக்கை முழுதாகத் தட்டி எடுத்து, அதன்மேல் நிரப்பு ஓட்டங்களையும் இறுதி ஓட்டத்தையும் இடச் சொல்லும். அதையும் கிடை நிலையில் மட்டுமல்லாமல், தட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலாகவும், தலைக்கு மேல் வைத்தும் செய்யச் சொல்லும். ஒட்டில் துளைகள் இருக்கின்றனவா, ஓரம் அரிக்கப்பட்டிருக்கிறதா, பொருக்கு உள்ளே சிக்கியிருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். துண்டை வளைத்தும் பார்க்கலாம். பத்து ஆண்டு கேற் செய்தவரும் தலைக்கு மேலான ஒட்டில் கை நடுங்கி நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். திறமை இல்லாததால் அல்ல, அந்த நிலையில் ஒருநாளும் ஒட்ட நேர்ந்ததில்லை என்பதால்.

ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும் முன், நைட்டா மாவட்ட அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ, ஒட்டுநர் தொழிலுக்குரிய தேசியத் தேர்ச்சி நியமத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் தொழில் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அலகிலும் என்ன செய்து காட்ட வேண்டும், எந்த அளவுக்குப் பிழையில்லாமல் செய்ய வேண்டும், அதற்கு என்ன அறிவு தேவை என்பன எழுதப்பட்டிருக்கும். முதலாளியையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "நன்றாகச் செய்வேன்", "செய்திருக்கிறேன், ஆனால் பழக்கம் போதாது", "செய்ததே இல்லை" என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையில் வருபவையே நீங்கள் உண்மையில் பழக வேண்டியவை. பெரும்பாலும் அது வாயுவால் வெட்டுதல், செங்குத்து மற்றும் தலைக்கு மேலான ஒட்டு, 7018 போன்ற குறைந்த ஐதரசன் றொட்டைப் பயன்படுத்துதல், வரைபடம் வாசித்தல் ஆகிய நான்கில் அடங்கிவிடும். 7018 றொட்டைப் பற்றி ஒரு குறிப்பு: அது ஈரம் பட்டால் கெட்டுவிடும், சூடேற்றி உலர்த்திப் பயன்படுத்த வேண்டியது. மாரி காலத்தில் கடைக் கூரைக்குக் கீழே பெட்டி திறந்தபடி கிடந்த றொட்டை எடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டு, "இந்த றொட் சரியில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பழகுவதற்குக் கழிவு இரும்பே போதும். உங்கள் கடையில் தடித்த தட்டு இல்லையென்றால், உழவு இயந்திரப் பெட்டிகள், கலப்பைகள், நீர்த்தாங்கிகள் திருத்தும் கடை ஒன்றில் மாலையில் சில மணி நேரம் நிற்க முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. நம் பகுதியில் பழைய இரும்பு என்று விற்கப்படுவதில் என்ன கலந்திருக்கும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் எத்தனையோ இடங்களில் கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் அகற்றப்பட்டிருந்தாலும், மூடிய குழாயோ அடையாளம் தெரியாத உலோகத் துண்டோ கைக்கு வந்தால் அதை வெட்டவும் கூடாது, சூடாக்கவும் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது. தொடாமல் விட்டுப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். எரிபொருள் இருந்த தாங்கியும் அப்படியே. வெறுமையாக இருக்கிறது என்பது அதைப் பாதுகாப்பானதாக்காது, உள்ளே தங்கிய ஆவிதான் வெடிப்பது. நியமத்தில் பாதுகாப்புக்கென்று வருவன வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிச் செல்பவர்கள் மதிப்பீட்டிலும் அங்கேயே விழுகிறார்கள்: முகக்கவசம் இல்லாமல் ஒரு புள்ளி ஒட்டு வைப்பது, செருப்புடன் நிற்பது, கல்வனைசு பூசிய குழாயைக் காற்றோட்டமில்லாத மூலையில் ஒட்டுவது ஆகிய பழக்கங்கள் மதிப்பீட்டாளரின் முன்னும் கை அறியாமல் வெளிப்பட்டுவிடும்.

இனி ஆதாரம். பதிவு செய்த பயிலுநருக்கு இது நாட்குறிப்பு வடிவில் இருக்கும். நாள்தோறும் செய்த வேலையை எழுதி, வேலைத்தளத்தில் கற்பிப்பவரிடம் ஒப்பம் வாங்கி, அதிகார சபையிலிருந்து பார்வையிட வரும் அலுவலரிடம் காட்ட வேண்டும். பயிற்சியை முடிப்பதற்கான நிபந்தனைகளில் பையன்கள் அலட்சியப்படுத்துவது இதையே. கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வருவார்கள், அது பார்த்தவுடனேயே தெரியும். "இன்று வெல்டிங் செய்தேன்" என்று நூறு நாள் எழுதினாலும் அது எந்த அலகுக்கும் ஆதாரமாகாது. "40 மில்லிமீற்றர் கோண இரும்பில் கூரைச் சட்டகம், 3.2 மில்லிமீற்றர் 6013 றொட், மூலைவிட்டம் சரிபார்த்துப் புள்ளி ஒட்டு வைத்தேன், வெப்பத்தால் ஒரு பக்கம் இழுத்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றி ஒட்டிச் சரிப்படுத்தினேன்" என்று எழுதினால் அளவிடுதல், பொருத்துதல், ஒட்டுதல், உருக்குலைவைக் கட்டுப்படுத்துதல் ஆகிய நான்குக்கும் அது ஒரே நேரத்தில் ஆதாரமாகிவிடும். பிழை நடந்ததையும் எழுதலாம். எப்படித் திருத்தினீர்கள் என்று சேர்த்து எழுதினால், எல்லாம் சரியாகவே நடந்தது என்று எழுதுவதைவிட அது வலுவானது.

ஆர்பிஎல் வழியில் வருபவருக்கு இந்த நாட்குறிப்பு இருக்காது. அதற்கு ஈடாக அவர் ஆதாரத்தைத் திரட்ட வேண்டும். தொழில் தருநரின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், வாடிக்கையாளருக்குக் கொடுத்த சிட்டைகள், குறுகிய காலப் பயிற்சி எதையாவது முடித்திருந்தால் அதன் சான்று ஆகியவை எல்லாம் உதவும். தொழில் தருநரின் கடிதத்தில் "இவர் நல்ல பொடியன், ஐந்து வருடம் என்னிடம் வேலை செய்தார்" என்று மட்டும் இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, என்ன பொறுப்பில், எந்தெந்த வேலைகளைத் தனியே செய்தார் என்று இருக்க வேண்டும். கடை பிரதேச சபையில் பதிவு செய்யப்பட்டதாயின் அந்த விவரத்தோடு, முத்திரையும் கையொப்பமும் தொடர்பு இலக்கமும் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது முடிந்த கேற்றின் அழகை மட்டும் எடுக்காமல், நீங்கள் அதைச் செய்துகொண்டிருக்கும் நிலையையும் எடுங்கள். முடிந்த கேற்றை எவரும் படம் எடுக்கலாம்.

வயதில் மூத்தவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொழில் சொல்லிக்கொடுத்தவர் இடம்பெயர்வில் எங்கோ போய்விட்டார், அல்லது உயிரோடு இல்லை. கடையும் இல்லை, கடையின் பெயர்ப்பலகையும் இல்லை. அப்படியானவர்கள் பின்னர் வேலை செய்த ஒப்பந்தகாரர், வேலை செய்வித்த கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை ஆகியவற்றிடமிருந்து செய்த வேலையைக் குறிப்பிட்டுக் கடிதம் பெறலாம். கிராம உத்தியோகத்தர் அவர் இன்ன தொழில் செய்து வாழ்கிறார் என்று உறுதிப்படுத்தலாம். எப்படியும் இறுதித் தீர்ப்பைத் தருவது கடிதம் அல்ல, மதிப்பீட்டாளரின் முன் வைக்கும் ஒட்டு. பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிறப்புப் பதிவு செய்யப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதியை விண்ணப்பிக்கலாம். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு இருக்கிறது. பாடசாலைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மறுபடி பெறலாம். இவற்றுக்கு நாள் பிடிக்கும் என்பதால், மதிப்பீட்டுத் திகதி வந்த பிறகு ஓடாமல் இப்போதே தொடங்குவது நல்லது.

கணிதம் சித்தியில்லை என்ற கவலையை விடுங்கள். கைவினைஞர் மட்டங்களில் வேலையைச் செய்து காட்டி மதிப்பீடு பெறுவதற்கு அது தடையாக நிற்பதில்லை. முழுநேர வகுப்புகளில் சேர்வதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி நுழைவுத் தகுதி வைத்திருக்கும், அது வேறு விடயம். இருந்தாலும் தொழிலுக்குள் வரும் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 என்று அளந்து கட்டுகிறீர்களே, அது கேத்திர கணிதத்தில் நீங்கள் படித்த பைதகரசு தேற்றமேதான். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 78.5 கிலோ நிறையுடையது என்று தெரிந்தால், கேள்விமனுவுக்கு விலை சொல்வதும் உங்களுக்கு எளிதாகும். பாடசாலையில் விளங்காதது கையில் இரும்பு இருக்கும்போது விளங்குவதை ஆசிரியர்கள் பலர் அறிவார்கள்.

மதிப்பீட்டு நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆணைக்குழுவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்ப்பார், செய்துகொண்டிருக்கும்போதே கேள்வி கேட்பார், ஆதாரக் கோப்பைப் புரட்டுவார். புள்ளி கிடையாது, ஒவ்வோர் அலகிலும் தேர்ச்சி பெற்றவர் அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்று மட்டுமே முடிவு. சில அலகுகள் தவறினால் முழுவதும் வீணாகாது: தேறிய அலகுகள் பதிவாகும், மிகுதியைப் பழகி மறுபடி வரலாம். கேள்வியைத் தமிழில் கேட்கக்கூடிய மதிப்பீட்டாளர் வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்தும் மொழி விளங்காமல் பதில் சொல்லாமல் நிற்பதைவிடக் கொடுமையானது இல்லை. இயந்திரம் உங்களுக்குப் பழக்கமில்லாததாக இருக்கக்கூடும்; தொடங்கும் முன் கழிவுத் துண்டில் ஓர் ஓட்டம் இட்டு மின்னோட்டத்தைச் சரிசெய்ய அனுமதி கேளுங்கள். அது உங்களைப் பற்றி நல்ல எண்ணத்தையே உண்டாக்கும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு, முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்கே போகலாம். தொழில், மனிதவளம் தொடர்பான உத்தியோகத்தர்கள் அங்கே இருப்பார்கள். எந்த நிறுவனம் எப்போது ஆர்பிஎல் மதிப்பீடு நடத்துகிறது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள். தட்டு ஒட்டையும் வரைபட வாசிப்பையும் ஒழுங்காகப் பழக விரும்பினால் மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தையோ வவுனியாவிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியையோ விசாரியுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் 4ஆம் மட்டம் முதல் மேல் மட்டங்கள் வரையான நெறிகள் உண்டு. 4ஐ முடித்து டிப்ளோமாவுக்குப் போக நினைப்பவருக்கு வன்னிக்கு உள்ளேயே அப்படியொரு வாசல் இருப்பது பெரிய விடயம். நம்மவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சாதாரண தரம் தவறியவர் தொழில் வழியாக ஏறி, இரத்மலானையிலுள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை போவதற்கு இந்தக் கட்டமைப்பில் பாதை உண்டு என்பதைப் பெற்றோர் பலர் இன்னும் அறியவில்லை.

முதலாளி ஒத்துழைக்க மறுத்தால் என்ன செய்வது? கடிதம் கொடுத்தால் பொடியன் வெளிநாடு போய்விடுவான், ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டால் அரசாங்கம் வந்து கணக்குக் கேட்கும் என்ற இரண்டு பயங்கள் அவர்களுக்கு இருக்கின்றன. இரண்டும் முற்றிலும் ஆதாரமற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்த பயிற்சித்தளமாக இருப்பது கடைக்கும் நன்மை: சான்றிதழ் பெற்ற ஒட்டுநர் ஒருவர் இருப்பதைக் காட்டிப் பெரிய கட்டுமான ஒப்பந்தகாரரின் வேலையைக் கேட்கலாம். இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஐந்து வருடம் பழகியவரை இன்னமும் கையாளின் கூலியில் வைத்திருப்பவர், "நீ இன்னும் பழகுகிறாய்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பழகுபவருக்கு ஒப்பந்தம் வேண்டும், வேலை செய்பவருக்குச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் வேண்டும், இரண்டும் இல்லாத நடுவிடம் ஒன்று சட்டத்தில் இல்லை. தம்பியோ தங்கையோ இனிப் பழகப் போவதாக இருந்தால், தொழிலில் அமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16 என்பதையும், ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவரை ஈடுபடுத்தக்கூடாது என்பதையும் முதலாளிக்கு நினைவூட்டி, முதல் நாளிலேயே ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடுங்கள். பிறகு ஆர்பிஎல்லுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியிராது.

வெளிநாடு போவதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எதற்கும் சொல்லிவைக்கிறேன். என்விகியூ சான்றிதழ் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். அதுவே வேலையை உறுதிப்படுத்தாது. சவூதி அரேபியா சில தொழில்களுக்குத் தனியாகத் திறன் பரீட்சை வைக்கிறது. எண்ணெய், எரிவாயுக் குழாய் வேலைகளுக்கு எடுக்கும் கம்பனிகள், 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி ஒட்டும் 6ஜி சோதனையைத் தாங்களே நடத்தும். தட்டில் எல்லா நிலைகளிலும் கை தேறாமல் குழாய்க்குப் போக முடியாது. ஆகவே அந்த எண்ணம் உள்ளவருக்கும் 4ஆம் மட்டத்துக்குரிய பயிற்சிதான் முதல் வேலை. சான்றிதழே எடுத்துத் தருவதாக, மதிப்பீட்டுக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். சான்றிதழின் இலக்கத்தை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம், போலி அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கடைசியாகப் பெயர். விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்களே சான்றிதழில் அச்சாகும். நம்மவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று இருப்பது வழமை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும், சில இடங்களில் முதலெழுத்தாக மட்டும் வரும். படிவத்தை அவசரத்தில் வேறொருவரைக் கொண்டு நிரப்பாமல், அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். இரண்டிலும் பெயர் வேறாக இருந்தால், முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள். அச்சான சான்றிதழைத் திருத்துவதைவிட அது குறைந்த அலைச்சலில் முடியும்.